அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை மாணவி

எலுமிச்சை மூடியைக் கையில் வைத்துக் கசக்கும்போது எழுகிற, கண்ணைக் கரிக்கும் அந்த வாசம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. போடியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, அம்மா ஒரு பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறுத்துப்போயிருந்த நகக்கண்களில் எலுமிச்சையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நூலில் கறை ஏறிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அந்தத் தேய்ப்பு. ஆனால் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது பதினோரு வயது. அம்மா என் கையை அப்படிப் பிடித்துக் கழுவிவிட்டு எத்தனை நாளாயிற்று என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

அம்மா குரோஷா சொல்லிக்கொடுப்பவள். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலை வளைத்து வளைத்து இழுத்து, மேசை விரிப்பு, தலையணை ஓரம், தொட்டில் துணி என்று எதையும் பின்னிவிடுவாள். தெருவில் அவளுக்குப் பெயரே ‘குரோஷா டீச்சர்’தான். வாரநாட்களில் மத்தியானத்துக்கு மேல் எங்கள் முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஊசியைப் பிடித்தால் நூல் இறுகி முடிச்சாகிவிடும், அல்லது தொளதொளவென்று தொங்கும். நாலைந்து தடவை பார்த்துவிட்டு, “விடு ஆத்தா, ஒனக்கு இது வராது, போய்ப் பாடத்தப் படி” என்று அம்மா சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வராது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது என்பதால் அந்த ஒருநாள் முழுவதும் எனக்குத்தான் என்று இருந்தேன். எண்ணெய் தேய்த்துவிடுவதும், தலை உலர்த்தி இரட்டைச் சடை போட்டுவிடுவதும், சாயங்காலம் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வருவதும் அன்றைக்குத்தான்.

அந்த நாளில்தான் செல்வராணி வந்தாள்; எங்கள் வீட்டில் அவள் செல்வி.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவள்; இருபத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் ஞாயிறு மட்டுமே விடுமுறை என்பதால் காலையில் முதல் ஜீப்பைப் பிடித்து வந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். யாரோ போட்டிருந்த சட்டைக் கழுத்துப் பின்னலைப் பார்த்துவிட்டு, அதை யார் கற்றுத் தருவது என்று விசாரித்து வந்தவள். முதல் நாளே அவள் கையில் ஊசி நின்ற விதத்தைப் பார்த்து அம்மா “அடடா” என்றாள். அந்த “அடடா”வை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மலையாளிகளோடு பழகிய பேச்சு அவளுக்கு, வரிசையை முடிக்கும்போதெல்லாம் “மதியாக்கா?” என்று கேட்பாள், போதுமா என்று அர்த்தம். ஒரு மாதம் கழிந்து, ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா “மதியா?” என்றாள். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று அப்பாவுக்கும் புரியவில்லை, அம்மாவுக்கும் புரியவில்லை.

அம்மாவிடம் அவளே யோசித்துக் கண்டுபிடித்த பின்னல் ஒன்று இருந்தது; ஏலப்பூ. வெள்ளை இதழும், நடுவில் ஊதா நூலில் ஓடும் கோடுகளுமாக, பூவைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டது. வகுப்பில் யார் கேட்டாலும் “பெறகு பாப்போம்” என்று தள்ளிவிடுவாள். அதைச் செல்விக்குச் சொல்லிக்கொடுத்தாள். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று செல்வி சொன்னதும், இருவரும் சேர்ந்து வட்டமான பெரிய மேசை விரிப்பு ஒன்றுக்குத் திட்டம் போட்டார்கள். பின்னியது முழுக்கச் செல்விதான். அவளுடைய ஒற்றை அறை வீட்டில் கூரை ஒழுகும், அடுப்புப் புகை வேறு. அதனால் விரிப்பை எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போவாள். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை வந்து அதை முடித்துவிட்டு, சனிக்கிழமை நேர்காணலுக்குப் போவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை, அம்மா கடைக்குப் போயிருந்தபோது, பெட்டியைத் திறந்தேன். பார்க்கத்தான் திறந்தேன் என்றே இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். கடைசிக் கண்ணி அவிழாமலிருக்க ஓர் ஊக்கு மாட்டியிருந்தது. அதைக் கழற்றி நூலை லேசாக இழுத்தேன். ‘சர்ர்ர்’ என்று ஒரு வரிசை முழுவதும் வந்தது. நான் எத்தனை நாள் முயன்றும் ஒரு சாண் ஒழுங்காகப் பின்ன முடியாத நூல், எனக்கு அடங்கி, சொன்னபடி வந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? நிறுத்த முடியவில்லை. பாதி விரிப்பு போய், மடியில் சுருள்சுருளாக நூல் மலை சேர்ந்த பிறகுதான் பயம் வந்தது.

அம்மா பெட்டியைத் திறந்தபோது, “எலி” என்றேன்.

“எலி கடிக்கும். இப்பிடி அழகா உருவாது” என்றாள். அவ்வளவுதான். அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன், விழவில்லை.

அம்மாவே உட்கார்ந்திருந்தால் இரண்டு நாளில் பின்னி முடித்திருப்பாள். அப்பாவும் அதைத்தான் சொன்னார். “அவ கைவேலைன்னு சொல்லிக் காட்டப் போறா. நான் போட்டா அது பொய்யாயிரும்” என்று மறுத்துவிட்டு, மறுநாள் காலை ஜீப்புக்காரரிடம் தகவல் சொல்லி அனுப்பினாள். மத்தியானமே செல்வி வந்துவிட்டாள். நூல் குவியலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “ஏன் பாப்பா? ஒனக்கு நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டாள். “ஞாயித்துக்கெழம எனக்குள்ளது” என்றேன். அவள் சுருண்ட நூலை நனைத்து, நாற்காலி முதுகில் சுற்றிக் காயவைத்து, மறுபடி பின்னத் தொடங்கினாள். மூன்று நாள் அவள் பின்னிக்கொண்டிருந்தாள், நான் நூலை உருண்டையாகச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன தண்டனை அது ஒன்றுதான். ஆனாலும் முடியவில்லை. ஓரம் கட்டாத, குறைபட்ட விரிப்போடுதான் சனிக்கிழமை போனாள். வேலை இன்னொருத்திக்குக் கிடைத்தது.

அதன்பின் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. அம்மா எண்ணெய் தேய்த்தாள், சடை போட்டாள். தெருவில் ஜீப்புச் சத்தம் கேட்டால் மட்டும் அவள் கை என் தலையில் ஒரு நொடி நின்றுவிட்டுப் பிறகு ஓடும். நாலு மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிறு, பையில் ஊசிகளையும் நூலையும் போட்டுக்கொண்டு, “சாயங்காலம் வந்துர்றேன்” என்று மலைக்கு ஜீப்பேறிவிட்டாள். செல்வி தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேரைத் திரட்டி வைத்திருந்தாளாம். அடுத்த ஆறு வருஷம், மழைக்காலம் தவிர, அம்மா எல்லா ஞாயிறும் மலையில்தான். ஒரு மாணவியைத் துரத்தப் பார்த்தேன். எட்டுப் பேரிடம் அம்மாவைப் பறிகொடுத்தேன்.

அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. முன்னறையை வாடகைக்கு விட்டதில் அங்கே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஏழெட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து முணுமுணுவென்று கண்ணி எண்ணுகிற அந்தச் சத்தம் அந்தத் தெருவிலேயே இல்லை. அது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடியில் கேட்கிறது. செல்வி மலையிறங்கி வந்து அங்கே நடத்தும் வகுப்புக்கு என் மகளும் போகிறாள். அவளுக்குக் கை வருகிறது. வீட்டுக்கு வந்தால் ஓயாமல் “செல்வி டீச்சர், செல்வி டீச்சர்”தான். நாற்பது வயதில், ஒரே ஆள்மீது இரண்டாவது தடவையாகப் பொறாமைப்படுவது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் படுகிறேன்.

போன மாதம் மகளை அழைக்கப் போனபோது, செல்வி தனியாக இருந்தாள். அத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைப் பற்றி ஏதாவது பேசியிருப்பாளா என்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன். அவள் ஊசியை மடியில் வைத்துவிட்டு, நிஜமாகவே யோசித்தாள்.

“இல்ல பாப்பா. நூலப் பத்தித்தான் பேசுவோம்” என்றாள்.

ஒரு பொய் சொல்லி என்னைக் குளிரவைத்து அனுப்பியிருக்கலாம், அவளுக்கு அது பெரிய காரியமே இல்லை. சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது தோன்றியது: அப்படியே அம்மாதான். அதையும் என்னைவிட நன்றாக அவள்தான் கற்றிருக்கிறாள்.