தாம்பாளத்தில் ஒரு கட்டு பீடி

"படிச்ச புள்ள மூக்குக்கு மட்டும்தான் புகை நாறுதாக்கும். நீ சொல்லி எவன்மா நிறுத்துவான்?"

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் இதைச் சொன்னபோது வாயிலிருந்து பீடியை எடுக்கக்கூட இல்லை. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். மாடிப்படிதான் அவருக்கு நாற்காலி.

ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, தஞ்சாவூருக்கு வெளியே அரசு கொடுத்த அடுக்குமாடி வீடு எங்களுடையது. முதல் மாடி, கதவைத் திறந்தால் படி. அரிசி ஆலைத் தூசியில் நின்றுதான் அம்மா என்னைக் கல்லூரி வரை அனுப்பினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கு மிஞ்சியது மூச்சிழுப்பு. படியில் ஒருவன் பீடி பற்றவைத்தால் உள்ளே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடிப்பாள். கதவைச் சாத்தினால் காற்றே கிடையாது.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள குடிச்சா இவ கத்துறா. படி பொதுதானே?" என்றார் எதிர்வீட்டுக்காரர். பொது என்றால் அவருக்குத் தன்னுடையது என்று அர்த்தம்.

"ஆம்பளைங்க பாவம், எங்கதான் போவாங்க?" என்றாள் அவர் மனைவி. தன் வீட்டுத் திரைச்சீலை நாறாதவரை அவளுக்கு எல்லா ஆண்களும் பாவம்தான்.

என் தொல்லை தாங்காமல் படிக்குக் கீழேயே கூட்டம் போட்டார்கள். இங்கே நாலு பேர் கூடினால் நடுவில் தாம்பாளம் இல்லாமல் பேச்சு தொடங்காது: வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி. புகைக்குத் தடை போடுகிற கூட்டத்திலும் அதே தாம்பாளம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆளுக்கொன்று பற்றவைத்துக்கொண்டார்கள்.

"படியில பீடி குடிக்கக் கூடாது. ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். அத்தனை கையும் உயர்ந்தது, புகையோடு.

"திருப்தியாம்மா?"

மேலே அம்மா இருமினாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குனிந்து தாம்பாளத்தை எடுத்தேன்.

"அது சங்கத்துத் தாம்பாளம்மா."

"தெரியுதுங்க."

பீடிக் கட்டைக் குழாயடியில் நனைத்துப் போட்டேன். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

இன்று காலை அதில் வெற்றிலை பாக்கு மட்டும் வைத்து, வீடு வீடாகப் போய் இன்னொரு கூட்டத்துக்கு அழைத்தேன். தலைவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, தட்டில் இன்னும் எதையோ தேடினார்.

"கூட்டம் எங்கம்மா?"

"எங்க வீட்லங்க. அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல."