மகா பரிசுத்த ஸ்தலத்தில் ஒரு மைக்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஏதோ என்று கவலைப்பட்டவர்களுக்கு நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சர்ச் ஜீவனஹள்ளியில் இருக்கிறது. லெந்து என்கிற தவக்காலத்தை முன்னிட்டு இந்த வருடம் சர்ச் மைதானத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைக் கண்காட்சியாகப் போட்டோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்... எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர்கள் பாலைவனத்தில் போகிற இடமெல்லாம் பிரித்து, சுமந்து, மறுபடி கட்டிய வழிபாட்டு இடம் அது. கல் கிடையாது, கோபுரம் கிடையாது. துணி, மரம், தோல், தங்கம். முதலில் பிராகாரம். அங்கே பலிபீடம், கைகால் கழுவ வெண்கலத் தொட்டி. அதைத் தாண்டினால் பரிசுத்த ஸ்தலம். அதற்குள்ளே ஒரு கனமான திரை. திரைக்கு அந்தப் பக்கம் மகா பரிசுத்த ஸ்தலம், பத்துக் கட்டளைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டி இருக்கும் இடம். பிரதான ஆசாரியர், அதாவது தலைமைக் குரு மட்டும்தான் அங்கே போகலாம். அவரும் நினைத்தபோதெல்லாம் போக முடியாது, வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான்.

எங்கள் கூடாரம் ஷாமியானா துணி, பிளைவுட், கோல்டு பெயின்ட். உடன்படிக்கைப் பெட்டியை அடுகோடி ஏரியாவில் ஒரு பட்டறையில் செய்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து இந்துக் குடும்பங்களும் நிறைய வந்தார்கள். யாரும் சொல்லாமலே கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். பிளைவுட்தானே என்று ஷூ காலோடு உள்ளே நடமாடிக்கொண்டிருந்தது நாங்கள்தான்!

நான் அங்கே கைடு. குரல் கொஞ்சம் கணீரென்று இருக்கும். கழுத்தில் காலர் மைக். வரிசையில் காத்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய ஸ்பீக்கர். ஒவ்வொரு குழுவையும் திரை வரைக்கும் அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, "இயேசு சிலுவையில் மரித்தபோது ஆலயத்தில் இதே திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இனி யாருக்கும் தடையில்லை" என்று முடிப்பேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

குழு போனதும் எங்களுக்கு ஐந்து நிமிஷம் ரெஸ்ட். எங்கே? மகா பரிசுத்த ஸ்தலத்தில்தான். பெட்டிக்குப் பின்னால் பெடஸ்டல் ஃபேனும் தண்ணீர்க் கேனும் வைத்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கூட என்னைப்போலவே இன்னொரு கைடு, என் நண்பர் அருள். ஃபேன் சத்தம் ஹோவென்று. திரை இடுக்கு வழியாக வரிசை தெரிந்தது. அதில் ஸ்டெல்லா அக்காவும் அவருடைய மகள் ப்ரீத்தியும் நின்றிருந்தார்கள்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் கொயரில் பாடுகிறவர். நான் நடத்தும் ஜெபக் குழுவிலும் இருக்கிறார். கொஞ்ச நாள் முன்பு, ஜெபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொண்டார். "வெளிய போகக் கூடாது பிரதர்" என்றார். "அக்கா, இது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல" என்றேன்.

இப்போது அருளிடம் நான் பேசியது இதுதான்.

"அருள், அங்க பாரு, ஸ்டெல்லா அக்கா பொண்ணு."

"ப்ரீத்தியா? லீவுல வந்திருக்காளா?"

"லீவாவது ஒண்ணாவது! புருஷன் வீட்டை விட்டுட்டு வந்துட்டா. ஆபீஸ் டிரெய்னிங்னு அக்கா சொல்லிட்டுத் திரியறாங்க. என்கிட்ட மட்டும்தான் உண்மையைச் சொன்னாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"அய்யோ... என்னாச்சாம்?"

"என்ன ஆகும்? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரியல. செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க. எவ்ளோ கிராண்டா கல்யாணம் பண்ணாங்க, எல்லாம் வேஸ்ட்!"

அதற்குள் சவுண்ட் செட் போட்ட கன்னடக்காரர் மஞ்சுநாத் திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். மூச்சு வாங்கியது.

"சார்... மைக் ஆன்ல இதே சார்! எல்லாம் வெளிய கேட்குது!"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மஞ்சுநாத்தே என் காலரில் கைவைத்து ஸ்விட்சை அணைத்தார்.

பிரதான ஆசாரியரின் அங்கி ஓரத்தில் பொன் மணிகள் தைத்திருப்பார்கள். அவர் உள்ளே போகும்போதும் வரும்போதும் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் சத்தமும் கேட்டது. ஜீவனஹள்ளி ரோடு வரைக்கும் கேட்டது.

பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பார்த்தபோது துணி ஆடிக்கொண்டிருந்தது. அருள் ஏற்கெனவே போயிருந்தார்.

நான் முன்பக்கமாக வெளியே வந்தேன். தைரியம் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். வரிசையே திரும்பிப் பார்த்தது. கேட் பக்கம் ஆட்டோவில் சாய்ந்து நின்றவர்கூட என்னையே பார்த்தார். ஸ்டெல்லா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா ப்ரீத்தி, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ப்ரீத்தி நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"நாம எதுக்கும்மா போகணும்? இவ்ளோ நேரம் லைன்ல நின்னிருக்கோம்ல." பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், அடுத்த குரூப் நாங்கதானே? ஸ்டார்ட் பண்ணுங்க."

என் வாழ்க்கையில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு முன்னால் கூனிக் குறுகி நடந்ததுபோல என்றைக்கும் நடந்ததில்லை.

பலிபீடத்தில் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வெண்கலத் தொட்டிக்கு வந்தோம். கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்கள் தங்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுத்தார்கள், அவற்றை உருக்கித்தான் இந்தத் தொட்டி செய்யப்பட்டது. ஆசாரியர்கள் கழுவிச் சுத்தமாவதற்குப் பெண்கள் கண்ணாடியைக் கொடுத்தார்கள்! இந்த இடத்தில் வழக்கமாக ஒரு ஜோக் அடிப்பேன்: "கண்ணாடி இல்லாம லேடீஸ் எப்படித்தான் இருந்தாங்களோ!" எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு அந்த ஜோக்கை விழுங்கிவிட்டேன்.

அதே குழுவில் பக்கத்துத் தெருக் கன்னட அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஸ்டெல்லா அக்காவின் கையைப் பிடித்தவர், கடைசி வரைக்கும் விடவில்லை.

திரைக்கு வந்தோம். என்னுடைய புகழ்பெற்ற கடைசி வரி... வாயில் வரவில்லை.

ப்ரீத்திதான் கேட்டாள்.

"இதுதான் கிழிஞ்சதா அங்கிள்?"

"ஆமாம்மா. மேலேயிருந்து கீழ வரைக்கும்."

"யாரு கிழிச்சது?"

"கடவுள்."

"ம்... அவர் கிழிச்சா சரி."

உள்ளே போனாள். பிளைவுட் பெட்டிக்கு முன்னால், அந்த ஃபேன் சத்தத்தில், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இன்னும் யார் யார் விஷயமெல்லாம் அருளுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். நிறையத் தெரியும்.

மறுநாள் இருவரும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன், ஜெபக் குழுப் பொறுப்பை விட்டுவிடுகிறேன், வருகிற ஞாயிறு சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறேன்...

"வேண்டாம் அங்கிள்" என்றாள் ப்ரீத்தி. "அன்னைக்கு வராதவங்களுக்கும் என் கதை தெரிஞ்சுடும். உங்களுக்கு, எவ்ளோ தாழ்மையான மனுஷன்னு பேர் கிடைக்கும். எனக்கு என்ன கிடைக்கும்?"

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. பாருங்கள்... மன்னிப்புக்கும் ஒரு மைக் தேடியிருக்கிறேன்.

"நான் ஏன் வந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்கவே இல்ல அங்கிள். ஆனா காரணம் மட்டும் சொல்லிட்டீங்க."

"ஏம்மா வந்தே?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை இனி எந்தப் பெண்ணிடமும் சொல்லமாட்டேன். அது மட்டும் போதும்.

நாங்கள் கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா சொன்னார்:

"பொண்ணு வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல பிரதர். உங்ககிட்ட சொன்ன அன்னைக்குத்தான் தூங்கினேன். ஒருத்தர்கிட்ட எறக்கி வச்சுட்டோம்னு..."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கூடாரத்தைப் பற்றி நான் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு. ஜனங்கள் இடம் மாறும் நாள் வந்தால், அந்தத் திரையை இறக்கி, அதே திரையால் உடன்படிக்கைப் பெட்டியை மூடுவார்கள். அதற்கு மேலே தோல், அதற்கு மேலே நீலத் துணி. பிறகுதான் சுமக்கிறவர்களைக் கூப்பிடுவார்கள். சுமக்கிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. தோளில் வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை குழுக்களுக்கு இதை அழகாக விளக்கியிருப்பேன்! பரிசுத்தம் என்றால் தங்கமும் திரையும் தூரமும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நம்பித் தூக்கிக் கொடுத்ததை மூடியபடியே சுமப்பதும் பரிசுத்தம்தான். ஸ்டெல்லா அக்கா என் தோளில் வைத்தது அப்படி ஒன்று. நான் அதைத் திறந்து அருளுக்குக் காட்டினேன். மைக் ஆஃப் ஆகியிருந்தாலும் நான் செய்தது அதேதான். என்ன, யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

கடவுள் திரையைக் கிழித்தது மனிதர்கள் உள்ளே வருவதற்கு. நான் கிழித்தது ஊர் எட்டிப் பார்ப்பதற்கு.

சபையில் ஒருவர் என்னைத் தேற்றினார். "எல்லாம் நன்மைக்குத்தான் பிரதர், இனிமே அவங்க மறைக்க வேண்டியதில்ல பாருங்க." எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது அல்லவா?

இப்போது ஜெபக் குழுவை வேறொருவர் நடத்துகிறார். ஸ்டெல்லா அக்கா கொயரில் பாடுகிறார். என்னைப் பார்த்தால் வணக்கமாக ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இதை எழுதலாமா என்று ப்ரீத்தியிடம் போன் செய்து கேட்டேன். கேட்காமல் எழுதும் அளவுக்கு இன்னும் மோசமாகவில்லை. முழுவதையும் அனுப்பச் சொல்லிப் படித்தாள். பெயர்களை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். சில வரிகளை எடுக்கச் சொன்னாள், எடுத்திருக்கிறேன்.

"ஓகே அங்கிள், போடுங்க. ஆனா கடைசியில நீங்களே உங்களை மன்னிச்சுக்கிட்டு, படிக்கிறவங்ககிட்ட கைதட்டு வாங்கிட்டுப் போயிடாதீங்க."

தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்.