விளக்குப் பெட்டியின் மேல் கிடந்த பூ

அந்த வார்டுத் தேர்தலில் ஜெயித்தது யார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு நாக்கு குழறும். இத்தனைக்கும் பேப்பரில் முடிவை எழுதியவனே நான்தான்.

ஐம்பதுகளில் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்த பத்திரிகை ஆபீஸில் நிருபராக இருந்தேன். ஸ்ரீரங்கம் நகரசபைத் தேர்தலை ஆசிரியர் என் தலையில் கட்டினார். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. அவரவர் சின்னத்தை ஒட்டி ஒரு மறைப்புக்குள் வரிசையாக வைத்திருப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். முத்திரை கித்திரை எதுவும் கிடையாது.

வடக்குவாசல் பக்கத்து வார்டில் இரண்டே பேர் போட்டி. அரிசி மில் முதலாளிக்குக் குடை, பள்ளிக்கூட வாத்தியாருக்கு விளக்கு. நிற்பதானால் வேலையை விட்டுவிட்டு நில்லும் என்றது பள்ளி நிர்வாகம். மனுஷன் விட்டேவிட்டார்! ஜெயித்தால் கவுன்சிலர் என்ற மரியாதைக்காவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நம்பினார். தோற்றால் வேலையும் போச்சு, ஊரில் பேரும் போச்சு. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

அந்த வார்டில் பாதிப் பேர் பூக்கட்டும் பெண்கள், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள். நோட்டீஸ் கொடுத்து என்ன பிரயோஜனம்? வாத்தியார் ஒத்திகை நடத்தினார். வீட்டுக்கு வீடு ஒரு கள்ளிப்பெட்டியை இறக்கி, அதன்மேல் குத்துவிளக்கை ஏற்றி வைப்பார். "நல்லாப் பாத்துக்குங்கம்மா. அன்னிக்கு விளக்குப் பெட்டியத்தான் தேடணும்" என்பார். அவர்கள் மடியிலிருந்து ஒரு கிள்ளுப் பூவை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் பார்க்கப் பரவசமாகத்தான் இருந்தது.

ஆனால் மறுநாளே அதே பெண்கள் மில்காரருக்கு ஆரத்தி சுற்றுவார்கள். அவர் கொடுக்கும் சர்பத்தையும் குடிப்பார்கள். "யாருக்கும்மா ஓட்டு?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"எல்லாருக்குந்தாங்க. வீடு தேடி வந்தவங்கள மூஞ்சில அடிச்ச மாதிரி அனுப்ப முடியுங்களா?" என்றாள்.

எனக்கு மண்டை காய்ந்தது. ஆபீஸுக்குப் போனால் ஆசிரியர், "யாருய்யா ஜெயிப்பான்?" என்பார். "தெரியலீங்க" என்பேன். "தெரியலைன்னு எழுதவா உன்னை பஸ் ஏத்தி அனுப்பறேன்?" என்று வள்ளென்று விழுவார். எழுதுவதும் அடிப்பதுமாகத் தாள்தான் பாழாயிற்று.

வாத்தியார் வேலை பார்த்த அதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. வரிசையில் நின்ற பெண்கள் எல்லார் கையிலும் பூ இருந்தது. அப்படியே கோயிலுக்குப் போவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அட மடையா!

சாயங்காலம் சாவடி அதிகாரி மறைப்பை விலக்கினார். குடைப் பெட்டியின் மேல் ஒன்றும் இல்லை. விளக்குப் பெட்டியின் மேல் மல்லிகைக் குவியல். பூவை விலக்கினால் அடியில் ஓட்டுச் சீட்டுகள், குங்குமம் பட்டு, கத்தையாக. ஒத்திகையில் செய்த மாதிரியே பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்!

"உள்ளே விழுந்ததுதாங்க ஓட்டு. மேல கெடக்கறது செல்லாது" என்றார் அதிகாரி. வாத்தியார் கீழே சிந்திய பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மறுநாள் எண்ணினார்கள். குடை கொஞ்சம் ஓட்டில் ஜெயித்தது. செல்லாதென்று ஓரமாகக் கட்டிவைத்த சீட்டுகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். என்ன தலைப்புப் போடுவது? விளக்கு தோற்றது என்றால் பொய் மாதிரி இருந்தது, ஜெயித்தது என்றால் முழுப் பொய். பென்சிலைக் கடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

ஓட்டு எண்ணின கட்டிடத்து வாசலில் பூக்காரப் பெண்கள் கூடியிருந்தார்கள். வாத்தியாரைக் கண்டதும் ஒருத்தி மாலையோடு ஓடிவந்தாள்.

"எங்க தெரு பூராவும் உங்களுக்குத்தான் சாமி வெச்சோம். ஜெயிச்சிட்டீங்கல்ல?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "இவரு பேப்பர்காரரும்மா. இவரையே கேளுங்க" என்றார்.

அவள் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். நான் நோட்டைத் திறந்து எதையோ தேடுகிறவன் மாதிரி புரட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, மாலையை வாங்கிக்கொள்ள வாத்தியார் தலையைக் குனிந்தார்.