சரிவில் கிடந்த பல்

அந்தப் பல்லை நான் எரிமலைச் சாம்பல் அடுக்குக்குக் கீழே தோண்டி எடுக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்க அகழ்விடத்தில், மழை அரித்த சரிவில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கினேன். சாம்பலுக்குக் கீழே என்றால் வயது கூடும், மனித மூதாதையைக் கண்டவன் என்ற பெருமையும் கூடும். அதனால் குறிப்பேட்டில் சாம்பலுக்குக் கீழே கிடைத்ததாகவே எழுதினேன். இருபது ஆண்டுகளாக எல்லோரும் அதை நம்புகிறார்கள்.

ஜெர்மனியில், அரசு அலுவலகங்கள் பெர்லினுக்குப் போகவிருக்கும் பான் நகரில், ஓர் ஆய்வுக்கூட மேசையில், பஞ்சின்மேல் இருக்கிறது அந்தப் பல். புதைபடிவங்களைச் சுத்தம் செய்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அகதியாக வந்து இங்கே இந்தத் தொழிலைப் படித்தவர். ஆய்வுக்கூடப் பொறுப்பாளரான அம்மையார் வருவதற்குள் அவரிடமே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஊசியைக் கீழே வைக்கிறார்.

“நாளைக்குத்தான் ஐயா இதைக் கழுவ இருந்தனான். இடுக்குக்குள்ளை மண் இன்னும் கிடக்கு.”

“அதனால் என்ன?”

“எந்த அடுக்கு எண்டு பாக்கலாம். நீங்கள்தான் பொய் சொன்னியள், மண் சொல்லாது.” சிரிக்கிறார். “அவ கோவிப்பா. நானும் பக்கத்திலை நிக்கிறன்.”

அம்மையார் வந்ததும் அவரிடமும் சொல்கிறேன். நின்றபடியே கேட்டுக்கொள்கிறார். முகம் சிவக்கிறது. ஒரு தாளைத் தள்ளுகிறார்; நடந்ததை என் கையால் எழுதிக் கையெழுத்திடுகிறேன். பதிவேட்டில் இடத்தையும் வயதையும் அடித்துவிட்டு, மண்ணைச் சோதனைக்கு அனுப்பச் சொல்கிறார்.

என் பெயரையும் அடித்துவிடும்படி கேட்கிறேன்.

“கண்டெடுத்தது நீங்கள்தானே? அது உண்மை” என்று பதிவேட்டை மூடுகிறார்.

யாழ்ப்பாணத்துக்காரர் நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.