வெண்டைக்காய் நட்சத்திரங்கள்

சிக்கன்குனியா வந்து மூன்று வாரம் நான் மாடிப்படி ஏறவில்லை. என் வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். காய் பறிக்கச் சொன்னால் மறந்துவிடுவார். டிசம்பர் பிறந்த பிறகு ஒரு காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். வெண்டைச் செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஒரு காய்கூடப் பச்சையாக இல்லை. எல்லாம் முற்றிக் காய்ந்து, மரக்கட்டை நிறத்தில் விறைத்து நின்றன. ஒன்றை ஒடித்து ஆட்டினேன். உள்ளே விதைகள் கலகலத்தன.

பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அந்தப் பக்கம் டீச்சரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் முன்னறையில் மரம் நிற்கும்.

"ஏனுங்க டீச்சர், மரம் எப்ப வெக்கறீங்க?"

"இந்த வருசம் இல்ல கண்ணு. பரண்ல மழத்தண்ணி எறங்கி, அலங்காரப் பொட்டி பூராவும் பூஞ்சை புடிச்சுப்போச்சு. பையனும் வரலைங்கறான். யாருக்குன்னு வெக்கறது?"

அவரைச் சிரிக்கவைக்கத்தான் கையிலிருந்த வெண்டைக்காயை நீட்டினேன். "இதையத் தொங்கவிட்டுப்போடலாமுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காம்பு மேலேயும் வளைந்த நுனி கீழேயும் இருக்கும்படி தூக்கிப் பிடித்தார். "இங்க பாரு கண்ணு. இது கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி. இது தாடி."

அவர் சொன்னதும் எனக்கும் தெரிந்துவிட்டது. செடி முழுக்கத் தாத்தாக்கள்! வலியெல்லாம் எங்கே போனதோ, அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்துப் போய் சிவப்பும் வெள்ளையும் பெயிண்ட் வாங்கிவந்தேன்.

என் வீட்டுக்காரர் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவர். காம்பில் நூல் கோக்க ஓட்டை வேண்டும் என்றேன். "வெண்டைக்காய்க்கு டிரில்லா அம்மணி? கம்பெனியில கேட்டாச் சிரிப்பாங்க" என்றார். ஆனால் இருப்பதிலேயே மெல்லிய டிரில் பிட்டை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காம்பிலும் ஓட்டை போட்டார். ஒரு காய்கூட உடையவில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை. அடுத்து, கொடியிலேயே காய்ந்து கிடந்த பீர்க்கங்காயைத் தானாகவே எடுத்து, தோலை உரித்து, ரம்பத்தால் வட்ட வட்டமாக அறுத்தார். ஒவ்வொரு வட்டமும் லேஸ் பின்னியதுபோல் இருந்தது.

விரல் மூட்டுகள் எனக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தன. பிரஷ் பிடித்தால் சுள்ளென்றது. அப்படியும் மூன்று நாளில் நானும் டீச்சரும் நாற்பது முகங்கள் வரைந்து முடித்தோம். எனக்கு வந்த முகமெல்லாம் திருட்டு முழி. டீச்சர் வரைந்தவை தேர்வுத்தாள் திருத்துகிற முகங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, பெயிண்ட் நன்றாகக் காயட்டும் என்று எல்லாவற்றையும் மாடி வெயிலில் பரப்பிவிட்டுச் சாப்பிட இறங்கினோம். பாதிச் சாப்பாட்டில் மேலே 'பட்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தால், காய்கள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. தொப்பி இரண்டாகி, மூக்கு பிளந்து, தாடி கிழிந்து, விதைகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து ஒரு காயை எடுத்தார். கோளாறு எங்கே என்று மோட்டாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிளவில் நகத்தை விட்டு, மெல்ல மெல்லப் பிரித்தார். குடை விரிவதுபோல ஐந்து பட்டைகளும் வெளியே மடிந்தன. காம்பு மட்டும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றது. உள்பக்கம் பட்டுப்போல வெளிறி மின்னியது.

"அம்மணி, இது என்னன்னு பாரு."

"நட்சத்திரமுங்க!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. டீச்சர் ஓடிவந்து அதை வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "கடவுளே! அஞ்சு முனை கண்ணு, அஞ்சு முனை!"

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. வெடித்ததையெல்லாம் முழுதாக விரித்தோம். வெடிக்காதவற்றையும் விடவில்லை, தண்ணீர் தெளித்து இளக்கி, முனை ஒடியாமல் நாங்களே பிரித்தோம். டீச்சர் பிடிவாதமாக ஏழு தாத்தாக்களை மட்டும் காப்பாற்றி முந்தானையில் ஒளித்துக்கொண்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் போய் ஒரு சவுக்குக் கிளையைக் கொண்டுவந்தார். அதை மண்தொட்டியில் நட்டு, டீச்சர் வீட்டு முன்னறையில் நிறுத்தினோம். நட்சத்திரங்களையும் ஏழு தாத்தாக்களையும் பீர்க்கங்காய் வட்டங்களையும் நூலில் கோத்து அதில் தொங்கவிட்டோம்.

பண்டிகைக்கு நாலு நாள் முன்பு, டீச்சரின் சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாட வரும் குழு வந்தது. நானும் உள்ளே நின்றிருந்தேன். கிதார் வைத்திருந்தவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், இந்த ஸ்டாரெல்லாம் எங்க வாங்கினீங்க? மரத்துல செஞ்சதுங்களா?"

டீச்சர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவங்க ஊட்டு வெண்டைக்காயுங்க!"

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பெண் கிட்டே வந்து தொட்டுப் பார்த்து, "நெசமாலுமே வெண்டைக்காயுங்கோ!" என்று கூவினார். சிரிப்பு கிளம்பிவிட்டது. பாட்டை எடுப்பார்கள், இரண்டாவது வரியில் யாராவது மரத்தைப் பார்ப்பார்கள், மறுபடியும் சிரிப்பு. மூன்றாம் முறைதான் முழுதாகப் பாடினார்கள். எனக்கு வார்த்தை தெரியாது; நானும் கைதட்டிக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினேன்.