நடக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லாத தாள்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. நூற்று எழுபத்தொன்பது நாள் அரசாங்க வேலை. இன்னொரு நாள் கூடுதலாகக் கொடுத்தால் நிரந்தரம் கேட்டு நின்றுவிடுவோம் என்ற பயத்தில், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வருகிறவர்களுக்குக் கணக்காக அத்தனை நாள்தான் கொடுப்பார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கேரளத்தின் தென் எல்லையில் பாறசாலையில் வீட்டோடு இருந்த எனக்கு அதுவே பெரிது. நெடுஞ்சாலை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. மூன்று வருடம் படித்த கணிதத்தில் அந்த வேலைக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாலைக்குப் புதிதாகத் தார் போடப் போகிறார்கள், அதற்கு முன்னால் எத்தனை வண்டி ஓடுகிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்ச் சாலைக்குத் தார் புதிதல்ல. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாலை வளர்ந்துகொண்டே வந்தது. அதன் ஓரம் மட்டும் வளரவில்லை. அமரவிளையிலிருந்து பாறசாலை வரை தாரின் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்க, சில இடங்களில் முழங்கால் ஆழம் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் இரண்டு தடவை இறங்க வேண்டும். படியிலிருந்து தாருக்கு ஒரு தடவை, தாரிலிருந்து பள்ளத்துக்கு இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவில் பின்னால் வருகிற லாரி காத்திருக்காது.

எங்கள் பொறியாளர் திருவனந்தபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் வருவார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கியதாக யாரும் சொன்னதில்லை, கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை. சாலையை அவர் ஜீப்பின் முன் கண்ணாடி வழியாகவே பார்த்து வந்தார், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் சாலை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அவர் கொடுத்த தாளில் லாரிக்கு ஒரு கட்டம் இருந்தது. பஸ், கார், ஜீப், ஸ்கூட்டர், ஆட்டோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் இருந்தன. மாட்டுவண்டிக்கும் கைவண்டிக்கும்கூட இருந்தன. மிஷன் சபைக் கோயிலின் மதில் பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்து நான் எண்ணத் தொடங்கினேன். முதல் நாள் காலையில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. படித்த பெண் ரோட்டில் உட்கார்ந்து கோடு போடுகிறாள் என்பதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாமா?

பொழியூர்க் கடப்புறத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அக்கா இருந்தார். டெம்போவில் வந்து ஜங்ஷனில் இறங்கி, தலையில் அலுமினியச் சருவத்தோடு சாலை ஓரமாகவே வீடு வீடாக நடப்பார். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன் தருவார். இரண்டாம் நாள் என் முன்னால் நின்று தாளை எட்டிப் பார்த்தார்.

"மக்கா, லாரிய எழுதுத, பஸ்ஸ எழுதுத. நான் காலத்த இருந்து ரெண்டு நேரம் இதுவழி போயாச்சு. என்னெ எழுதினியா?"

நடக்கிறவர்களுக்கு இதில் இடமில்லை என்று சொன்னேன்.

"மாட்டுவண்டிக்கு உண்டா?"

"உண்டு அக்கா."

"மாட்டுக்கு உண்டு. மீன் சொமக்குத எனக்கு இல்ல. அப்போ நான் இதுவழி நடக்கல்ல, அப்படித்தானாக்கும்?"

கேட்டுவிட்டு அவர் நடந்து போனார். பள்ளத்தில் இறங்கி, கல் கிடந்த இடத்தில் மேலே ஏறி, லாரி ஹார்ன் அடித்ததும் மறுபடி இறங்கி. அத்தனையும் தலைச்சுமையைக் கையால் தொடாமல். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மதியத்திலிருந்து தாளின் ஓரத்து வெற்றிடத்தில் நடக்கிறவர்களுக்கும் கோடு போடத் தொடங்கினேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வரிசை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் சபையின் உபதேசியார் விழுந்தார். அவர் கோயிலில் பாதிரியாருக்கு அடுத்தபடி. ஆனால் நடையிலும் பேச்சிலும் அந்த 'அடுத்தபடி' கொஞ்சமும் தெரியாது. ஜெபக்கூட்டங்களுக்கு எல்லாம் ஒரு உயரமான பச்சைச் சைக்கிளில்தான் போவார். எல்லைச் செக்போஸ்ட்டில் நிற்க இடமில்லாத லாரிகள் அன்று எங்கள் பக்கம் வரை வரிசை கட்டியிருந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு தார் விளிம்பில் வந்தவரை ஒரு பஸ் உரசாமல் உரசிப் போனது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. சைக்கிள் நின்றது, உபதேசியார் நிற்கவில்லை. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடினேன். தோள்பட்டை எலும்பு போய்விட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்த வலியிலும் அவர் என்னிடம் கேட்டது, வேதப்புத்தகம் சேற்றில் விழுந்ததா என்று. இல்லை என்று பொய் சொன்னேன். ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பியபோது, சைக்கிள் கட்டத்தில் அவரை எழுதலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். பாதி தூரம்தானே ஓட்டினார்.

தாள்களை ஒப்படைத்தபோது பொறியாளர் என் ஓரத்துக் கோடுகளைப் பார்த்தார். இது என்ன என்றார். சொன்னேன். அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார்: சாலைப் பொறியியலில் நடக்கிறவர்கள் போக்குவரத்து அல்ல, போக்குவரத்துக்கு வரும் தடை. அதற்கு ஒரு பெயர் உண்டு, சைடு ஃப்ரிக்ஷன். பக்கத்திலிருந்து வருகிற உராய்வு. மீன்கார அக்காவுக்கும் உபதேசியாருக்கும் பாறசாலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் எனக்கும் சேர்த்து அரசாங்கம் ஒரு பெயர் வைத்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஓரத்துக் கோடுகள் இல்லாமல் வேறு தாளில் சுத்தமாக எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். பழையதைக் கிழிக்காமல் என் பையில் வைத்துக்கொண்டேன். அது துணிச்சல் ஒன்றுமில்லை. போட்ட கோடுகளைக் கிழிக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் பஞ்சாயத்து ஹாலில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். சாலை வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பொறியாளர் பாதி மலையாளத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். தமிழ் மட்டும் பழக்கமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் ஐந்து நிமிடம் பேசியதை நான் ஒரு வரியில் முடித்தேன்: தார் இன்னும் உயரும். உபதேசியார் கையைத் தொட்டில்போலத் துணியில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். மீன்கார அக்கா பின்னால், சருவத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு. ஹாலில் மீன் வாசனை என்று ஒருவர் எழுந்து சொன்னார். கடல் பக்கத்துப் பஞ்சாயத்தில் அதை ஒரு கருத்தாக எழுதிக்கொள்ளவும் செய்தார்கள்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பஸ் வரும்போது தான் எங்கே நிற்க வேண்டும்?

பொறியாளர் கோலை எடுத்து வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டார். பஸ் ஒதுங்கி நிற்க அங்கே தனி இடமும், ஆட்கள் நிற்க நிழற்குடையும் வரப் போகின்றன என்றார். உபதேசியார் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், இது எங்க சபைக்க கெணறு நிக்குத எடமாக்கும்."

ஹாலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வரைபடம் பழைய படம் ஒன்றிலிருந்து எடுத்தது என்றும், கிணறு அதில் இல்லை என்றும் பொறியாளர் சொன்னார். எங்கள் கிணறு அவருடைய படத்தில் இல்லாதது கிணற்றின் தவறு போல. அப்போது நான் என் பையிலிருந்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை பேர் நடக்கிறார்கள், இத்தனை பேர் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், கிணற்றை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாமே என்று சொன்னேன். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். இது அலுவலகத் தாள் அல்ல, ஆகவே குறிப்பில் சேர்க்க முடியாது என்று மிக மரியாதையாகச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வெளியே வந்தால் ஜீப் இல்லை. மேலதிகாரி வீட்டு விருந்தாளிகளை ரயிலுக்குக் கொண்டுவிடப் போயிருந்தது. நெய்யாற்றின்கரையில் பொறியாளருக்கு அன்று இன்னொரு கூட்டம். வேறு வழியில்லாமல் அவர் பஸ்ஸுக்கு நிற்க வந்தார். நானும் அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அங்கே நின்றோம்.

முதலில் அவர் தார் மேல் நின்றார். ஒரு லாரி ஹார்ன் அடித்தது. பள்ளத்தில் இறங்கினார். முந்தின நாள் மழை. பளபளப்பான ஷூ சேற்றுக்குள் போனது. பள்ளத்தில் நிற்கிற எங்களில் டிரைவருக்குத் தெரிந்தது முழங்காலுக்கு மேலே மட்டும்தான் என்று நினைக்கிறேன். முதல் பஸ் நிற்காமல் போனது. இரண்டாவது, ஏறத்தாழ ஒரு வயல் தூரம் தள்ளிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினார்கள். பழக்கமுள்ளவர்கள் ஏறிக்கொண்டார்கள். பொறியாளர் இரண்டடி ஓடி, ஃபைலைப் பார்த்து, நின்றுவிட்டார். எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பஸ்ஸும் அந்தப் பக்கத்துப் பஸ்ஸும் எங்கள் ஜங்ஷனில் நிற்காமல் போவதில் மட்டும் எந்த வித்தியாசமும் காட்டாது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பஸ் வந்தபோது அக்கா சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தாரின் நடுவில் போய் நின்றார். பஸ் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, மீனை ஏற்ற மாட்டேன் என்று சத்தம் போட்டார்.

"நான் ஏறல்ல. இந்த சாரைக் கேற்று. கெவர்மெண்டு ஆளாக்கும், ரோட்டில நிக்கத் தெரியாது."

பள்ளத்திலிருந்து தாருக்கு, தாரிலிருந்து படிக்கு, பொறியாளர் இரண்டு தடவை ஏறினார். படியில் நின்று திரும்பி, அந்தத் தாள்களை நாளைக்கு அலுவலகத்துக்குக் கொண்டுவா என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தில் அன்று கண்டது கோபமா வேறெதுவா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

மறுநாள் கொண்டுபோனேன். அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். அதை நான்தான் நல்லெழுத்தில் படியெடுத்தேன். நடக்கிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று எழுதினால் கோப்பு நகராது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இப்படி எழுதியிருந்தார்: சாலையில் நிற்பவர்களாலும் நடப்பவர்களாலும் சைக்கிள்களாலும் வாகனங்களின் வேகம் குறைகிறது, அவர்களைத் தாரிலிருந்து அகற்றுவதற்காக ஓரத்தைச் செம்மண்ணால் நிரப்பி உருட்ட அனுமதி வேண்டும். என் தாள்களை, தடையின் அளவுக்குச் சான்றாகக் கூடவே இணைத்தார். கோப்பு ஒரே வாரத்தில் அனுமதியோடு திரும்பி வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த வரிகளை என் கையாலேயே எழுதியது ஒரு மாதிரியாக இருந்தது.

தார் போட்டார்கள். ஓரத்தை நிரப்பினார்கள். நெய்யாற்றின்கரைக்குப் போகிற பக்கத்தை மட்டும். பொறியாளர் சேற்றில் நின்ற பக்கம் அதுதான். பாறசாலைக்குத் திரும்புகிற பக்கத்தில் அவர் எப்போதாவது இறங்கி நின்றிருந்தால் அங்கேயும் மண் விழுந்திருக்குமோ என்னவோ. ஊரார் போகும்போது குடிமக்களாகப் போனார்கள், திரும்பும்போது பழையபடி பள்ளத்தில் வந்தார்கள். நிழற்குடை வந்தது. சபையின் கிணற்றுக்குப் பங்கமில்லாமல், பஸ் நிற்காத ஒரு வளைவில். அதில் உட்கார்கிற திண்டைவிட, அதைத் திறந்துவைத்தவரின் பெயர்ப்பலகை நீளமாக இருந்தது.

என் நூற்று எழுபத்தொன்பது நாளும் முடிந்தது. பொறியாளர் பதவி உயர்வில் வேறு மாவட்டத்துக்குப் போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் தேர்வு எழுதப் போவதற்காக ஜங்ஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். அந்தச் செம்மண் ஓரத்தில் ஒரே சத்தம். இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த ஒரு பக்கத்திலேயே நடக்க, எதிரும் புதிருமாகச் சைக்கிள்களும் அதிலேயே வர, தினமும் அங்கே யாராவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மீன்கார அக்காவும் உபதேசியாரும். எலும்பு கூடி, மறுபடி பச்சைச் சைக்கிளில் ஏறியிருந்த உபதேசியார் மணியடித்தும் அக்கா விலகவில்லை. சருவம் சரிந்து நாலைந்து சாளை மீன் மண்ணில் கிடந்தது. இது சைக்கிளுக்காகப் போட்ட வழி, தான் எலும்பு முறிந்து வாங்கியது என்றார் உபதேசியார். பஸ்ஸை மறித்து நின்றது யார் என்று அக்கா கேட்டார். பக்கத்தில் தார் மேல், தடையேதும் இல்லாமல், லாரிகள் முன்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன.

என்னைக் கண்டதும் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ ஆப்பீசில இருந்தவதானே மக்கா. சொல்லு, இது யாருக்குப் போட்டது?" என்றார் அக்கா.

எனக்குப் பதில் தெரியும். அந்தக் குறிப்பு என் கையெழுத்தில்தான் போயிருந்தது. பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு, குனிந்து இரண்டு சாளையை எடுத்து அக்காவின் சருவத்தில் போட்டுவிட்டு, நான் வேகமாக நடந்தேன்.