பூனையும் நாயும் எட்டுக் கண்ணாடி உருண்டைகளும்

தேஹு ரோடு ராணுவக் கிடங்கின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எல்சி பதினேழு வருஷமாக ஆபரேட்டராக இருந்தாள். அப்பா நாசரேத்துக்காரர், கிடங்கில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, குவார்ட்டர்ஸில் எல்சியும் சுந்தரி என்ற வெள்ளைப் பூனையும்தான் மிச்சம். அவளுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சை எடுப்பவர்கள்கூட ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அந்த வேளையில்தான் லைன்மேன் ஆர்தர் கேட்டார். தினமும் ஏதாவது ஒரு கம்பத்தின் மேலிருந்து, "எக்ஸ்சேஞ்ச், லைன் கேக்குதா?" என்று அவளை அழைக்கிற குரல் அது. அவர் மனைவி பிலிஸ் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் மேவிஸ் பம்பாயில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ஒரு நாள் ஆர்தர் அதே குரலில், "எல்சி, நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா?" என்றார். எல்சி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு, "சரி" என்றாள்.

1976 ஜூனில் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்கவில்லை என்று மேவிஸ் எழுதிவிட்டாள். ஆர்தர் தன் டிரங்குப் பெட்டியோடு டிப்பு என்ற பழுப்பு நாயையும் கூட்டிக்கொண்டு எல்சியின் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். சுந்தரி அன்றே அலமாரி மேல் ஏறியவள், டிப்பு வெளியே கட்டப்பட்டிருந்தால்தான் இறங்கினாள்.

டிசம்பர் தொடக்கத்தில் மேவிஸிடமிருந்து ஒரு இன்லாண்ட் லெட்டர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வருகிறாளாம்.

ஆர்தர் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார். பஞ்சுக்குள் எட்டுக் கண்ணாடி உருண்டைகள். "பிலிஸ் வாங்கினது. மேவிஸ் வந்ததும் மரத்துல இதைத்தான் தேடுவா" என்றார்.

"நான் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்" என்றாள் எல்சி. உருண்டை உடைந்தால், பூனை உடைத்தது என்று அந்தப் பெண் நினைப்பாளா, இவள் உடைத்தாள் என்று நினைப்பாளா?

பதினெட்டாம் தேதி ஆர்தர் ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை கொண்டுவந்து, டால்டா டின்னில் மணல் நிரப்பி நட்டார். மறுநாள் காலையில் மரம் தரையில் கிடந்தது. அதன் நடுவில், கிளைகளில் பனி மாதிரி வைத்திருந்த பஞ்சை மீசையில் ஒட்டிக்கொண்டு சுந்தரி உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, உருண்டைகள் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தன. ஆர்தர் பழைய டெலிபோன் கேபிளால் மரத்தை ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினார். அன்று சாயங்காலமே டிப்பு, கீழ்க்கிளையில் தொங்கிய காகித நட்சத்திரத்தை மென்று தின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு விசாலாக்ஷி வந்து பார்த்தாள். "பூனைக்கு ஆரஞ்சு வாசனை ஆகவே ஆகாது எல்சி. தோலைச் சுத்திப் போட்டுப் பாருங்கோ."

எல்சியும் ஆர்தரும் இரண்டு நாள் ஆரஞ்சாகத் தின்று, தோலை டின்னைச் சுற்றிப் பரப்பினார்கள். சுந்தரி அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் தோல் ஒன்றையும் காணோம். டிப்பு உதட்டை நக்கிக்கொண்டு வாசலில் படுத்திருந்தது. ஆர்தர் சிரித்தார். எல்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்து நான்காம் தேதி அவள் லீவு போட்டாள். டிப்புவைக் கொல்லையில் கட்டினாள். சுந்தரியைச் சமையலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். எட்டு உருண்டைகளையும் உச்சிக் கிளைகளில் தொங்கவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஆர்தர் ஸ்டேஷனுக்குப் போனார்.

மத்தியானம் விசாலாக்ஷி தட்டில் முறுக்கு கொண்டுவந்தாள். அதை வைக்க எல்சி சமையலறைக் கதவைத் திறந்தாள். கால்களுக்கு நடுவே புகுந்து சுந்தரி வெளியே வந்தாள். அதே நேரம், கயிற்றை அறுத்துக்கொண்ட டிப்பு வாசல் வழியாக உள்ளே பாய்ந்தது. சுந்தரிக்கு ஏற மரம்தான் அகப்பட்டது. கேபிள் தாங்கியதால் மரம் விழவில்லை. ஆனால் உச்சி ஆடிய ஆட்டத்தில் சிவப்பு உருண்டை ஒன்றும் வெள்ளி உருண்டை ஒன்றும் தரையில் விழுந்து நொறுங்கின.

மேவிஸ் உள்ளே நுழைந்தபோது எல்சி மண்டியிட்டுச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரலில் ரத்தம். தலை நிமிரவே கூசியது.

"உங்கம்மா பொருளம்மா. எவ்வளவோ பாத்தேன். ரெண்டு போயிட்டு."

மேவிஸ் சூட்கேஸைக் கீழே வைத்தாள். மரத்தைப் பார்த்தாள். "எத்தனை இருந்துச்சு ஆன்ட்டி?"

"எட்டு."

"அம்மா வாங்கினப்போ ஒரு டஜன். ரெண்டு நான் ஒடச்சேன். ஒண்ணு டிப்பு. இன்னொண்ணு..." அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "டாடி, சொல்லலையா? அம்மாவே ஒடச்சாங்களே, துடைக்கும்போது!"

"மறந்துபோச்சு" என்றார் ஆர்தர்.

"ஒவ்வொரு வருஷமும் டிப்பு மரத்தைத் தள்ளிடும் ஆன்ட்டி. அம்மா கால் சப்பலைக் கழட்டிட்டு பீச்சே பீச்சே, அது பின்னாடியே ஓடுவாங்க." சொல்லிக்கொண்டே மேவிஸ் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று கண் கலங்கியது. எல்சி ரத்த விரலோடு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தொட்டாள். மேவிஸ் விலகவில்லை. கைக்குட்டையை எடுத்து அந்த விரலில் கட்டினாள்.

அப்புறம் மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டே யோசித்தார்கள். விடிகாலை ஆராதனைக்கு எல்லாரும் கோயிலுக்குப் போகவேண்டும்; வீட்டில் காவல் இருக்காது. மேவிஸ்தான் கட்டிலுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த கொசுவலையைக் காட்டினாள். "நாம ஏன் பூனையை அடைச்சு வைக்கணும்? மரத்தை அடைச்சு வைப்போம்."

ஆர்தர் கூரைக் கொக்கியில் வலையைத் தொங்கவிட்டார். மேவிஸ் ஒரு பக்கமும் எல்சி ஒரு பக்கமுமாக அதன் ஓரத்தை டின்னுக்கு அடியில் மடித்துச் செருகினார்கள். சுந்தரி வந்து ஒரு முறை நகத்தை மாட்டிப் பார்த்து, அவமானப்பட்டது போலக் காலை உதறிக்கொண்டு போனாள். சாயங்காலம் பாட்டுப் பாட வந்த சபையார், முக்காடு போட்ட மணப்பெண் மாதிரி நின்ற மரத்தைப் பார்த்து முதல் வரியிலேயே சிரித்துவிட்டார்கள். எல்சிக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை.

மேவிஸ் புத்தாண்டு வரை இருந்துவிட்டுப் போனாள். லோக்கல் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "அடுத்த வருஷம் இருபதாம் தேதியே வந்திருவேன். நான் வராம மரம் வைக்காதீங்க."

சொன்னபடி வந்தாள். கல்யாணமாகி நாக்பூர் போகும்வரை ஒவ்வொரு வருஷமும் வந்தாள். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறை டிரங்க் கால் போட்டாள். முதலில் அப்பாவிடம் பேசுவாள் என்று எதிர்பார்த்து எல்சி ரிசீவரை நீட்டுவாள். "அவர் இருக்கட்டும், நீங்க பேசுங்க" என்பாள் மேவிஸ்.